ஒரே படத்தில் புனித கத்பர்ட் இரண்டு முறை வருவது ஏன்?

முத்துக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பழைய சுவடி, ஓவியம் எல்லாம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தோழி சொன்னதால் கேட்கிறேன். எனக்கு ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். இப்போ இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் பக்கம், செவிலியாக வேலை பார்க்கிறேன்.

டர்ஹாம் பேராலயத்தில் புனித கத்பர்ட் கல்லறை இருக்கு. பெரிய அலங்காரம் ஏதும் இல்லை. தரையோடு தரையாக ஒரு கல், அதில் லத்தீனில் அவர் பெயர் மட்டும் வெட்டியிருக்கும். வந்த புதிதில் மனசு சரியில்லாத நாளெல்லாம் அங்கே போய் உட்காருவேன். 7ஆம் நூற்றாண்டு ஆள் அவர். ஆடு மேய்த்தவர், துறவி, பிறகு தனித்தீவில் தவம் இருந்தவர், கடைசியில் கட்டாயத்தின் பேரில் ஆயர் ஆனவர். 687 மார்ச் 20இல் ஃபார்ன் தீவில் இறந்தார்.

போன வாரம் நூலகத்தில் ஒரு பெரிய படப் புத்தகம் கிடைத்தது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் டர்ஹாம் மடத்திலேயே செய்த கத்பர்ட் சரித்திரத்தின் படங்கள். மூலச் சுவடி இப்போ லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் 'யேட்ஸ் தாம்சன் 26' என்ற எண்ணில் இருக்காம். முழுப்பக்கப் படங்கள் மட்டும் 46. இரவு ட்யூட்டி முடிந்து வந்து, படுக்கும் முன் நாலைந்து பக்கம் பார்க்கிறேன். சிறுவயதில் ஆச்சி மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் புனிதர் சரித்திரம் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் புத்தகத்தில் படமே கிடையாது. எல்லாப் புதுமைகளையும் நாங்களே மனசில் வரைந்துகொள்ளணும். அதனாலேயோ என்னவோ, இந்தப் படங்களை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

என் கேள்வி நீர்நாய்ப் படம் பற்றி. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்பர்ட் கோல்டிங்காம் என்ற கடலோர மடத்துக்குப் போகிறார். அங்கே மடத்துத் தலைவி ஏபா என்ற பெண். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு இவர் தனியாக வெளியே போகிறார். எங்கே போகிறார் என்று பார்க்க ஒரு துறவி பின்னாலேயே ஒளிந்து போகிறார். கத்பர்ட் கழுத்தளவு கடலில் இறங்கி, விடியும்வரை அலைச் சத்தத்தோடு சேர்ந்து பாடி செபிக்கிறார். விடிந்ததும் கரையேறி முழங்கால் போடுகிறார். அப்போ கடலிலிருந்து இரண்டு நீர்நாய்கள் வந்து, அவர் காலில் மூச்சு விட்டுச் சூடேற்றி, தங்கள் ரோமத்தால் ஈரத்தைத் துடைக்கின்றன. அவர் ஆசீர்வதித்ததும் கடலுக்கே திரும்பிவிடுகின்றன.

இந்தக் கடல் எனக்குத் தெரியும். ஜூலை மாசத்தில்கூட முழங்கால் வரை இறங்கினால் எலும்பு வலிக்கும். அதனால் கதையை நான் வேறு மாதிரி கற்பனை செய்திருந்தேன். இருட்டு, குளிர், ஒரு ஆள், தண்ணீர்.

படத்தில் அப்படி எதுவுமே இல்லை. பின்னால் முழுக்கத் தங்கம். இருட்டே கிடையாது. கத்பர்ட் கடலுக்குள் நின்று செபிக்கிறார். அதே கத்பர்ட் அதே படத்தில் கரையிலும் இருக்கிறார், காலடியில் நீர்நாய்கள். நடுவில் கோடு இல்லை, கட்டம் இல்லை. முதலில் இரண்டு துறவிகள் என்றே நினைத்தேன். ஒளிவட்டத்தைப் பார்த்துத்தான் இருவரும் ஒருவரே என்று புரிந்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு புனிதருக்கு ஒரு சுரூபம். அந்தோனியார் என்றால் கையில் குழந்தை இயேசு, செபஸ்தியார் என்றால் உடம்பில் அம்பு. பார்த்த உடனே தெரியும். அதில் பழகிய கண் எனக்கு. ஒரே ஆளை ஒரே சட்டத்துக்குள் இரண்டு முறை வரைவது அந்தக் காலத்து வழக்கமா? ராத்திரியை ஏன் ராத்திரியாக வரையவில்லை? இதையெல்லாம் யார் பார்ப்பதற்காகச் செய்தார்கள்?

பழஞ்சுவடி:

நல்ல கேள்வி அம்மா. கலை வரலாறு முப்பது வருடம் கற்பித்தவன் நான். என் மாணவர்களும் இந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் கேட்பது இதைத்தான்.

ஆம், வழக்கம்தான், மிகப் பழைய வழக்கம். ரோமில் 113இல் முடிந்த டிராஜன் தூணில் அதே பேரரசர் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பலமுறை வருகிறார். 6ஆம் நூற்றாண்டு வியன்னா ஆதியாகமச் சுவடியில் ஒரே பக்கத்தில் அதே ஆள் மறுபடி மறுபடி வருவார். ஒரு படம் என்றால் ஒரு நொடி என்பது புகைப்படம் நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம். டர்ஹாம் ஓவியருக்கு ஒரு படம் என்றால் ஒரு அத்தியாயம். இந்தச் சுவடியில் படங்கள் அந்தந்த அத்தியாயத்தை ஒட்டியே வருகின்றன. நீர்நாய்ப் படம் 24ஆம் ஏட்டின் முன்பக்கம். எழுத்தை வாசிக்கிற மாதிரியே கண் படத்தையும் வாசிக்க வேண்டும்: முதலில் கடல், பிறகு கரை.

இது ஒன்றுதான் வழி என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. ஏறத்தாழ 1130இல் பரி நகர மடத்தில் செய்த புனித எட்மண்ட் சரித்திரம் இப்போது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அதில் 32 முழுப்பக்கப் படங்கள், எல்லாம் எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். டேனியர்கள் அரசர் எட்மண்டின் தலையை வெட்டிக் காட்டில் போடுவதற்கு, ஓநாய் அந்தத் தலையைக் காப்பதற்கு, மக்கள் தலையை எடுத்துப்போய் உடலோடு சேர்ப்பதற்கு என்று தனித்தனிப் பக்கம். பக்கத்தைத் திருப்பத் திருப்பக் கதை நகரும். 13ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் வேறு மாதிரி செய்தார்: பக்கத்தின் மேல்பாதியில் படம், கீழே எழுத்து.

யார் பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். உங்கள் டர்ஹாம் புத்தகத்தை மடத்துக்குள் துறவிகள் கையில் வைத்துப் பார்த்திருப்பார்கள். படப் புத்தகத்தில் பெரிதாக்கி அச்சிட்டிருப்பதால் உங்களுக்குத் தோன்றியிருக்காது. மூலம் மிகச் சிறியது, உயரம் பதினான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு சின்னப் புத்தகத்தை ஒரு சமயத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர்தான் பார்க்க முடியும். மேத்யூ பாரிஸ் புத்தகங்களோ மடத்துக்கு வெளியேயும் போயிருக்கின்றன. இப்போது டப்ளினில் இருக்கும் அவருடைய புனித ஆல்பன் சரித்திரத்தின் முன்னேட்டில் அவர் கையாலேயே ஒரு குறிப்பு உண்டு. தான் மொழிபெயர்த்துப் படம் போட்ட புனித தாமஸ், புனித எட்வர்ட் புத்தகத்தை ஆருண்டல் பிரபுவின் மனைவி திருப்பி அனுப்ப வேண்டும், கார்ன்வால் பிரபுவின் மனைவி பெந்தெகொஸ்தே திருநாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் புத்தகம் இரவல் போன கணக்குதான். அந்தக் குறிப்பு எனக்குப் பல படங்களைவிடப் பிடிக்கும்.

இனி ஒரு விஷயம். கத்பர்டை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள். அந்தப் படத்தில் இன்னொருவரும் இருக்கிறாரே, அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. ஒளிந்து பார்க்கும் அந்தத் துறவி.

கதையின் மீதியைச் சொல்கிறேன். பயத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போய்விடுகிறது. தட்டுத்தடுமாறித்தான் மடம் வந்து சேருகிறார். காலையில் கத்பர்டின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார். கத்பர்ட் மன்னித்துக் குணமாக்குகிறார், ஆனால் ஒரு நிபந்தனை: நான் இறக்கும்வரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது. அந்த ஆள் அன்றிரவு பின்னால் போகாமல் இருந்திருந்தால் கடலில் நடந்தது யாருக்கும் தெரியாது, படமும் இல்லை. இந்தச் சுவடியில் உள்ள சரித்திரத்தை எழுதிய துறவி பீட், ஏறத்தாழ 721இல் ஆயர் ஈட்ஃப்ரித்துக்கு எழுதிய முன்னுரையில், தெரிந்தவர்களை நன்றாக விசாரிக்காமல் எதையும் எழுதவில்லை என்கிறார். கத்பர்டின் கடைசி நாட்களில் உடனிருந்த ஹெரெஃப்ரித்திடம் எழுதியதைக் காட்டித் திருத்தம் கேட்டதையும் சொல்கிறார். புனிதர் சரித்திரத்துக்குச் சாட்சிதான் உயிர். அதனால்தான் இவ்வளவு சின்னப் பக்கத்தில், இடம் போதாத நிலையிலும், ஓவியர் அந்த ஆளுக்கு இடம் கொடுத்தார் என்பது என் நம்பிக்கை. மறுபடி பாருங்கள். அவர் நிற்கும் இடம் நம்முடைய இடம்.

மைக்கூடு:

மதுரையில் எழுத்துக்கலை வகுப்பு நடத்துகிறேன். பழைய முறையில் மையும் தங்கமும் செய்து பழகுவதில் பல வருடம் போயிருக்கிறது. அதனால் ராத்திரி ஏன் இருட்டாக இல்லை என்ற கேள்விக்கு என் பக்கத்திலிருந்து.

முதலில், அது தாள் இல்லை, தோல். கன்றுக்குட்டி, ஆடு இவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, ரோமம் நீக்கி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்குவார்கள். ரோமம் இருந்த பக்கம் சற்று மஞ்சளாக, சின்னச் சின்னப் புள்ளியோடு இருக்கும். சதைப் பக்கம் வெள்ளை. காற்றில் ஈரம் இருந்தால் தோல் நெளியும். அந்தக் காலப் புத்தகங்களுக்குக் கொக்கி வைத்துப் பூட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுதும் மைக்கு வேண்டிய சரக்கு மூன்றும் நம் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும் என்றால் என் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். மாசிக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, வேலம் பிசின். மாசிக்காய் என்பது காய் இல்லை. ஓக் மரத்தில் ஒரு சின்னக் குளவி முட்டையிட்ட இடத்தில் மரம் வீங்கி உருண்டையாவது. பிறந்த குழந்தைக்கு உரசிக் கொடுக்க வீட்டில் வைத்திருக்கும் அதே மாசிக்காய். அதை இடித்து ஊறவைத்து அன்னபேதி சேர்த்தால் மை. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுத்துத் தோலைப் பிடித்துக்கொள்ளும். சுரண்டினால் ஒழியப் போகாது.

படத்தில் வண்ணத்துக்கு முன்னால் தங்கம். இந்த வரிசை மாறக் கூடாது. ஏனென்றால் தங்க இலை ஈரமோ பிசுக்கோ இருக்கும் எல்லா இடத்திலும் ஒட்டும். மெருகேற்றும்போது பக்கத்து வண்ணமும் உரசிப் போகும். கோட்டுப்படம் போட்டதும், தங்கம் வரும் இடத்தில் சுண்ணமும் பசையும் கலந்த கலவையைத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவி, தோலுக்கு மேல் லேசாக மேடாக்க வேண்டும். பிறகு அதன்மேல் வாயால் ஊத வேண்டும். நெஞ்சின் அடியிலிருந்து வரும் சூடான, ஈரமான மூச்சு. அந்த ஈரத்தில்தான் பசை மறுபடி உயிர்பெறும். உடனே தங்க இலையை வைத்து அழுத்தி, ஆறியதும் வழவழப்பான கல்லாலோ நாய்ப் பல்லாலோ தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். நான் முதன்முறை சரியாக ஒட்டவைத்த நாளில் மூச்சு வாங்கித் தலை சுற்றியது. உள்ளங்கையில் பாதி இடம்தான் முடிந்திருந்தது.

தங்கத்துக்குப் பிறகுதான் மற்ற நிறங்கள். அந்தக் காலத்துச் சுவடிக்காரர்களிடம் சிவப்புக்குச் சாதிலிங்கம் இருந்தது, வெள்ளைக்கு ஈய வெள்ளை, பச்சைக்குச் செம்பில் ஏறும் களிம்பு. நீலத்தில் உயர்ந்தது ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டிய கல்லை அரைத்து எடுத்தது. கடைசியில் கறுப்புக் கோடு. தங்கத்தின் ஓரம் எப்போதும் கொஞ்சம் பிசிறடிக்கும், அந்தக் கோடு அதை மறைத்துவிடும்.

இப்போது உங்கள் ராத்திரி. அச்சுப் புத்தகத்தில் தங்கம் மஞ்சளாக, அசையாமல் கிடக்கும். மெருகேற்றிய தங்கம் அப்படிக் கிடக்காது. ஏட்டைக் கொஞ்சம் சாய்த்தால் கறுத்துப்போகும், மறுபடி சாய்த்தால் சுடர் மாதிரி எரியும். மெழுகுத்திரி வெளிச்சத்தில் இன்னும் அதிகம். அந்தத் துறவி கையில் புத்தகத்தைப் பிடித்து மூச்சு விடும்போதே கத்பர்டுக்குப் பின்னால் இருட்டும் ஒளியும் மாறி மாறி வந்திருக்கும். விளக்கில்லாத அறையில் என் மேஜைமேல் இதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: ராத்திரியை வரைய அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது.

வடமராட்சி:

நான் லண்டனில இருக்கிறன். தங்கச்சி சொன்ன புத்தகத்தை நான் பாக்கேல்ல. ஆனா கத்பர்டின்ர சவப்பெட்டிக்குள்ள இருந்த குட்டி யோவான் நற்செய்திப் புத்தகத்தைப் பிரிட்டிஷ் நூலகத்தில கண்ணாடிக்கு அங்கால பாத்தனான். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில செய்தது. சிவப்புத் தோல் அட்டை, அதில செடிமாதிரி ஒரு புடைப்பு வேலை. தைச்ச கட்டு இண்டைக்கும் குலையேல்ல. 1104இல டர்ஹாமில பெட்டியைத் திறக்கேக்க கண்டெடுத்தவை. 2012இல நூலகம் 90 லட்சம் பவுண் குடுத்து வாங்கினது. அதுவும் உள்ளங்கை அளவுதான்.

ஏன் யோவான் எண்டு பிறகுதான் விளங்கிச்சு. மெல்ரோஸ் மடத்தில கத்பர்டுக்குக் குருவா இருந்த பாய்சில் கொள்ளை நோயில சாகக் கிடக்கேக்க, இன்னும் ஏழு நாள்தான் இருக்கு எண்டு சொல்லி, ரெண்டு பேருமாச் சேந்து அந்த ஏழு நாளும் வாசிச்சது யோவான் நற்செய்தியை. அந்தக் காட்சியும் உங்கட படப்புத்தகத்தில இருக்கும், பாருங்கோ.

எனக்கு ஒரு கேள்வி. மனுசியோட டர்ஹாம் கோயிலுக்குப் போகேக்க, பின்வாசல் பக்கம் தரையில ஒரு கறுப்புக் கல்லுக் கோடு இருக்கு, முந்தி பெண்கள் அதைத் தாண்டி வரேலாது எண்டு வழிகாட்டி சொன்னவர். கத்பர்டுக்குப் பெண்களைப் பிடிக்காது எண்டும் சொன்னவர். மனுசி அதோட திரும்பி வந்து வெளியில இருந்திட்டா. மேல சொன்ன கதையில பெண் தலைவி இருக்கிற மடத்துக்குத்தானே அவர் போறார்? இது எப்பிடிப் பொருந்தும்?

பழஞ்சுவடி:

பொருந்தாது ஐயா. உங்கள் மனைவிக்கு வந்த வருத்தம் நியாயமானது.

அந்தக் கோடு உண்மை. அதைத் தாண்டக் கூடாது என்ற தடையும் உண்மை. 1333இல் அரசர் மூன்றாம் எட்வர்டோடு வந்த ராணி பிலிப்பாவைக்கூட, மடத்துக்குள் தங்கக் கூடாதென்று நள்ளிரவில் எழுப்பிக் கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் கத்பர்டுக்குப் பெண்கள் ஆகாது என்ற பேச்சு அவர் இறந்து நானூறு வருடத்துக்குப் பிறகு வந்தது. அதுவரை கத்பர்டின் உடலைக் காத்துவந்தவர்களில் மனைவி மக்களோடு இருந்த குருக்கள் உண்டு. 1083இல் அவர்களை நீக்கிவிட்டுப் பெனடிக்ட் சபைத் துறவிகளைக் கொண்டுவந்தார்கள். 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்த மடத்து சிமியோன் எழுதிய வரலாற்றில்தான் இந்தப் பேச்சு உரம் பெறுகிறது. மாற்றத்தை நியாயப்படுத்தப் புனிதரின் பெயர் தேவைப்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பீட் எழுதிய சரித்திரத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

முத்துக்கரை அம்மா, உங்கள் கையில் புத்தகம் இருக்கிறதல்லவா? இளவரசி ஏல்ஃப்ளேட் வரும் படத்தைத் தேடிப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

முத்துக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத நாளாயிற்று, தொடர்ந்து ட்யூட்டி.

ஐயா சொன்ன பிறகு அந்த மூன்றாவது ஆளைத்தான் முதலில் பார்த்தேன். அன்றைக்கு அவரை விட்டுவிட்டது எனக்கே ஆச்சரியம். இரவு வார்டில் என் வேலையே அதுதான். எல்லாரும் தூங்கும்போது ஒருத்தரை விழித்திருந்து பார்ப்பது. மைக்கூடு அண்ணா சொன்னபடி, புத்தகத்தில் தங்கம் அசையாது என்று தெரிந்தும், மெழுகுத்திரி ஏற்றி வைத்துப் பார்த்தேன். பக்கம் அசையவில்லைதான். ஆனால் எங்கே அசைந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது.

ஏல்ஃப்ளேட் படம் இருக்கு. ஏல்ஃப்ளேட் கன்னியர் மடத்துத் தலைவி. கை கால் விளங்காமல் தவழ்ந்து நடக்கும் நிலை. கத்பர்டின் பொருள் ஏதாவது என்னிடம் இருந்தால் நல்லது என்று நினைக்கிறார், அவர் ஒரு துணி இடைக்கச்சை அனுப்புகிறார். கட்டிக்கொண்டதும் குணம். பிறகு தலைவலியில் கிடந்த இன்னொரு கன்னிக்கும் அதையே கட்டி, அவளும் எழுகிறாள். பெட்டியில் வைத்த கச்சை சில நாளில் காணாமல் போய்விடுகிறது. இதை வரைந்தவர்கள், பெண்கள் தாண்டக் கூடாது என்ற கோட்டுக்கு உள்ளே இருந்த துறவிகள். அதே காலத்தில்தான் ஆயர் ஹியூ, பெண்கள் வந்து செபிக்க கலிலேயா சிற்றாலயத்தைக் கோட்டுக்கு வெளியே மேற்குப் பக்கம் கட்டியிருக்கிறார். கல் ஒன்று சொல்ல, புத்தகம் வேறு சொல்லியிருக்கு.

அப்புறம் நான் கவனித்த ஒன்று. இது யாராவது ஏற்கெனவே சொன்னதாகவும் இருக்கலாம். இந்தப் படங்களில் பாதங்கள். புத்தகத்தின் முதல் படமே ஒரு துறவி குனிந்து கத்பர்டின் பாதத்தை முத்தமிடுவது. சிறுவயதில் அவருக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் இருந்தபோது, குதிரையில் வந்த வானதூதர் கோதுமை மாவைப் பாலில் காய்ச்சிப் பூசச் சொல்கிறார். ரிப்பன் மடத்தில் விருந்தாளியின் பாதத்தை இவர் கழுவுகிறார். அந்த விருந்தாளி வானதூதர் என்பது பிறகே தெரிகிறது. அப்புறம் நீர்நாய்கள். பீட் எழுதியதன் மொழிபெயர்ப்பையும் எடுத்து வந்தேன். தீவில் இருந்தபோது தோல் காலணியை மாதக்கணக்கில் கழற்ற மாட்டாராம். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு மட்டும் கழற்றுவார். முழங்கால் போட்டுப் போட்டுக் கணுக்கால் பக்கம் காய்ப்பு ஏறியிருந்ததாம். இறந்த பிறகு அவருடைய காலணியைப் போட்டே ஒரு பையனுக்கு வாதம் குணமாகிறது. நாள் முழுக்கப் பலருடைய பாதத்தையும் பார்க்கிறவள் நான். காய்ப்பு, வீக்கம், வெடிப்பு எல்லாம். இந்தச் சரித்திரம் எழுதியவரும் வரைந்தவரும் அந்த மனுஷனை உடம்போடு சேர்த்து நேசித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

வடமராட்சி அண்ணா, அண்ணிக்காக ஒன்று சொல்லணும். நேற்று லீவு, பேராலயம் போனேன். கோட்டருகே கொஞ்ச நேரம் நின்றேன். கறுப்பு இல்லை, கிட்டப் பார்த்தால் கருஞ்சாம்பல் கல், உள்ளே சிப்பி மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ. தாண்டி நடந்து கல்லறை வரை போனேன், இப்போ யாரும் தடுப்பதில்லை. முந்தின ராத்திரி பீட் புத்தகத்தில் கத்பர்டின் கடைசி நாட்களை வாசித்திருந்தேன். வெர்கா என்ற மடத்துத் தலைவி முன்பே அவருக்கு ஒரு துணி கொடுத்திருந்தாராம். உயிரோடு இருக்கையில் அதை உடுத்த மனம் வரவில்லை, ஆனால் அவள்மேல் உள்ள அன்பால் பத்திரமாக வைத்திருந்தேன், என் உடலை அதில் சுற்றுங்கள் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். ஒரு பெண் கொடுத்த துணியில் சுற்றப்பட்டவர் கிடந்த இடத்துக்குத்தான் பெண்கள் போகக் கூடாது என்று அத்தனை வருடம் தடுத்திருக்கிறார்கள். அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கூடவே உள்ளே வருகிறேன்.

ஐயாவிடம் கடைசியாக ஒன்று. இதற்கு முன்னால், 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே டர்ஹாமில் செய்த இன்னொரு கத்பர்ட் சரித்திரம் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கு, அதில் தங்கம் இல்லாமல் வெறும் கோட்டுப் படங்கள், 55 வரும் என்று அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டிருக்கு. நீங்கள் அதைப் பார்த்திருந்தால் நீர்நாய்ப் பக்கம் எப்படி என்று எழுதுங்கள். ஒளிந்து பார்ப்பவர் அதிலும் இருக்கிறாரா என்பதை முதலில் சொல்லுங்கள்.